பணம் அனுப்புங்கள், பட்டியல் அனுப்பாதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிஷனுக்குப் பணம் கொடுக்காதே என்று நான் எழுதப்போவதில்லை. "வெளிநாட்டுக் காசு, மதமாற்றம்" என்று ஆரம்பிக்கிற கோஷ்டிக்கு இங்கே தீனி கிடைக்காது, மன்னிக்கவும். கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கொடுக்கிற பணத்தோடு ஒரு பட்டியலும் சேர்ந்து வருகிறதே, இதற்கு மட்டும் செலவு செய், அதற்குச் செய்யாதே, செய்ததை போட்டோ எடுத்து அனுப்பு என்று... அந்தப் பட்டியலோடுதான் எனக்குச் சண்டை.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் ஊரில் சொல்வார்கள். வாங்குகிறவனுக்குச் சொன்ன புத்தி அது. மாட்டைக் கொடுத்துவிட்டுக் கயிற்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறவருக்கு யாரும் பழமொழி எழுதி வைக்கவில்லை. லுத்தரன் மிஷன் வரலாற்றில் அந்தக் கயிற்றுக்கு 300 வயது ஆகிவிட்டது.

எப்படி என்று கேட்டால் தரங்கம்பாடிக்குப் போக வேண்டும்.

1706 ஜூலை 9. பர்த்தலோமேயு சீகன்பால்க் என்ற ஜெர்மன்காரர் கப்பலில் வந்து இறங்குகிறார். மறுநாள்தான் அவருக்கு 24 வயது பிறக்கிறது. (நம் வகுப்பில் அரியர் வைத்துக்கொண்டு சுற்றுகிற சிலரைவிட ஒன்றிரண்டு வயது கூட, அவ்வளவுதான்.) கூட வந்தவர் ஹென்ரிக் புளூட்சோ. அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக். ஊர் டேனிஷ் வியாபாரக் கம்பெனியின் கையில் இருந்தது. 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு வாங்கிய கடற்கரை அது.

அரசர் அனுப்பிய ஆள் என்பதற்காக அரசரின் கம்பெனி மரியாதை கொடுத்ததா என்றால் அதுதான் இல்லை. 1708 கடைசியில் அவரைப் பிடித்துச் சுமார் நான்கு மாதம் சிறையில் போட்டார்கள். அவர் அசரவில்லை. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைத் தன் வீட்டுக்கே வரவைத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். பையன்களுக்குப் பள்ளிக்கூடம், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், 1716ல் உள்ளூர் ஊழியர்களைப் பயிற்றுவிக்க ஒரு செமினரி. இவைதவிர, லண்டனிலிருந்து ஓர் ஆங்கிலிக்கன் சங்கம் (அவர்கள் லுத்தரன்கூடக் கிடையாது, கவனியுங்கள்) அச்சு இயந்திரம் அனுப்பியது. வழியில் அதைக் கொண்டுவந்த கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் மாட்டியது. கூட வந்த அச்சுக்காரர் நடுவழியில் இறந்துபோனார். ஒருவழியாக இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713ல் வந்தன. 1715க்குள் தமிழ் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகிவிட்டது. பிறகு காகிதப் பற்றாக்குறை. சரி, நாமே செய்வோம் என்று பொறையாறில் காகித ஆலை!

இதையெல்லாம் பார்த்து அனுப்பியவர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்?

1714ல் கோபன்ஹேகனில் மிஷன் காரியங்களைக் கவனிக்க ஒரு கழகம் அமைத்தார்கள். அதன் செயலாளராக இருந்தவர் கிறிஸ்டியன் வெண்ட். அவருக்கு ஒரு கொள்கை. மிஷனரி என்றால் அப்போஸ்தலர் மாதிரி இருக்க வேண்டும். கையில் வேதவசனம், காலில் செருப்பு, ஊர் ஊராகப் பிரசங்கம். பள்ளிக்கூடம் எதற்கு? கட்டிடம் எதற்கு? அச்சகம் எதற்கு? பணத்தையெல்லாம் இதில் கொட்டுவது உலகப்பிரகாரமான காரியம். இந்த ரீதியில் கோபன்ஹேகனிலிருந்து கண்டிப்பான கடிதங்கள் போயின, பணமும் இறுகியது. தரங்கம்பாடியில் என்ன வெயில், என்ன பஞ்சம், ஒரு கிராமத்துக்கும் அடுத்த கிராமத்துக்கும் நடுவில் எந்த ராஜாவின் அனுமதி வேண்டும், இது எதையும் கண்ணால் பார்க்காத ஒருவர் அங்கே என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தார்.

வெண்ட் கெட்டவர் இல்லை என்றே நினைக்கிறேன். உண்மையான பக்திமானாகத்தான் இருந்திருப்பார். பிரச்சினையே அங்கேதான். கெட்டவர் பட்டியல் அனுப்பினால் தூக்கிப் போட்டுவிடலாம். நல்லவர், அதிலும் பணம் கொடுக்கிற நல்லவர் அனுப்பினால் என்ன செய்வது?

சீகன்பால்க் 1719 பிப்ரவரியில் 36 வயதில் இறந்தார். கூட உழைத்த கிருண்ட்லர் அடுத்த வருடமே போய்ச் சேர்ந்தார். அவர்களுடைய கடைசிக் காலம் இந்தக் கடிதப் போரில் கசந்துபோனது என்று தரங்கம்பாடி மிஷன் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 300 வருடம் கழித்து நாம் சீகன்பால்க்கைப் பற்றிப் பேசும்போது எதைப் பேசுகிறோம்? அச்சகம். பள்ளிக்கூடம். 1718ல் கட்டி இன்றும் ஆராதனை நடக்கிற புதிய எருசலேம் ஆலயம். வெண்ட் கோடு போட்டு அடிக்கச் சொன்ன வரிகள்தான் மிஞ்சியிருக்கின்றன.

ஹாலேவில் இருந்த ஃபிராங்கே இன்னும் பெரிய மனிதர். சீகன்பால்க்குக்கு உண்மையான ஆதரவாளர். 1713ல் சீகன்பால்க் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி அனுப்பினார். ஊரில் எந்தெந்த சாமி, எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று நம் ஜனங்களிடமே கேட்டுக் கேட்டு எழுதியது. ஃபிராங்கேவுக்குப் பிடிக்கவில்லை. உன்னை அனுப்பியது அந்த நம்பிக்கைகளை ஒழிக்க, ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்கிற மாதிரி பதில் போனது. நூல் அச்சேறவில்லை. கடைசியில் 1867ல், 150 வருடம் தாண்டி, சென்னையில்தான் அது அச்சானது. அதே ஹாலேவில் 1710லிருந்து மிஷனரிகளின் கடிதங்களைத் தொகுத்து அறிக்கைகளாக வெளியிட்டு வந்தார்கள். ஐரோப்பா முழுக்க ஆர்வத்தோடு படித்தார்கள், படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள். அச்சுக்குப் போவதற்கு முன் கடிதங்களை வெட்டி ஒட்டிச் சரிசெய்வார்கள். கொடையாளர் மனம் கோணக்கூடாதல்லவா! இன்றைக்குப் பளபளப்பான தாளில் வருகிற "எங்கள் பணிக்களங்களிலிருந்து" வகையறா மடல்களுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா அதுதான்.

சரி, அது ராஜா காலத்துக் கதை, இப்போது எதற்கு என்று கேட்பவர்களுக்காக ஒரு தாவு தாவுகிறேன். 250 வருடம் தள்ளி, எத்தியோப்பியா.

அங்கே சுவீடன், ஜெர்மனி, நார்வே முதலான நாடுகளின் மிஷன்கள் வேலை செய்த இடங்களிலிருந்து சபைகள் சேர்ந்து 1959ல் மெகானே யேசுஸ் என்ற லுத்தரன் திருச்சபை உருவானது. இதற்கு முன்னோடிக் கதையே அழகானது. ஒனேசிமோஸ் நெசிப் என்ற ஒரோமோ இனத்துக்காரர். சிறுவயதில் அடிமையாகப் பிடித்து விற்கப்பட்டவர். விடுதலையாகி, சுவீடன் மிஷனில் படித்து, ஆஸ்டர் கன்னோ என்ற பெண்மணியின் துணையோடு வேதாகமத்தை ஒரோமோ மொழிக்குக் கொண்டுவந்தார். 1899ல் சுவிட்சர்லாந்தில் அச்சானது. செலவு ஐரோப்பியருடையது. ஒரோமோ சொல் எது, அதை எப்படி எழுதுவது என்பது அவர்கள் இருவருடையது. இப்படி நடந்தால் நான் ஏன் வாய் திறக்கப்போகிறேன்?

1960களில் அந்தச் சபை மடமடவென்று வளர்ந்தது. கிராமம் கிராமமாக ஜனங்கள் வருகிறார்கள். போதகர்கள் போதவில்லை. வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், அந்த ஆட்களுக்குப் பயிற்சி வேண்டும், கூரை வேண்டும். மேற்கு நாடுகளிடம் கேட்டார்கள். கிடைத்த பதில் என்ன தெரியுமா? கிணறு வெட்டணுமா, தருகிறோம். ஆஸ்பத்திரியா, தருகிறோம். பள்ளிக்கூடம், விவசாயத் திட்டம் எல்லாம் தருகிறோம். போதகர் பயிற்சியா... மன்னிக்கவும், அது "வளர்ச்சிப் பணி" ஆகாது. பல நிறுவனங்கள் வைத்திருந்த பணத்தில் அவர்கள் நாட்டு அரசுப் பணமும் கலந்திருந்தது, அதனால் சமயக் காரியத்துக்குக் காசு போகக்கூடாது என்று விதி.

கோபன்ஹேகன் 1719ல் சொன்னது: பிரசங்கம் மட்டும் செய், பள்ளிக்கூடம் கட்டாதே. மேற்கு நாடுகள் 1970 வாக்கில் சொன்னது: பள்ளிக்கூடம் மட்டும் கட்டு, பிரசங்கத்துக்குக் கேட்காதே. தலைகீழான இரண்டு பட்டியல்கள், இரண்டும் ஒரே திசையிலிருந்து வந்தவை!

1972ல் மெகானே யேசுஸ் சபை உலக லுத்தரன் கூட்டமைப்புக்கு ஒரு கடிதம் அனுப்பியது. சுவிசேஷ அறிவிப்புக்கும் மனித வளர்ச்சிக்கும் உள்ள உறவு பற்றியது. அப்போது சபையின் பொதுச்செயலாளர் குதினா தும்சா. மனிதனை உடம்பு தனி ஆத்துமா தனி என்று நீங்கள்தான் பிரித்து வைத்திருக்கிறீர்கள், எங்கள் ஊரில் அப்படிப் பிரிவதில்லை, எது எங்களுக்குத் தேவை என்பதை நீங்களே முடிவு செய்துவிட்டு அதற்குத்தான் பணம் என்கிறீர்கள் என்பது அதன் சாரம். பிச்சை கேட்கிற தொனி துளியும் இல்லை. உங்கள் இறையியலே ஓட்டையாக இருக்கிறது என்று பணம் கொடுப்பவர் முகத்துக்கு நேராகச் சொல்கிற கடிதம். பெரிய சலசலப்பு. 1974ல் நைரோபியில் இதற்கென்றே ஒரு கலந்தாய்வுக் கூட்டம் நடத்த வேண்டியதாயிற்று.

அதற்கு முன்பே 1971ல் கென்யாவின் பிரெஸ்பிட்டேரியன் தலைவர் ஜான் கட்டு, கொஞ்ச காலத்துக்கு மிஷனரிகளும் வேண்டாம், பணமும் வேண்டாம், எங்களை எங்கள் காலில் நிற்க விடுங்கள் என்று கூறிப் பரபரப்பைக் கிளப்பியிருந்தார். கோபம் புரிகிறது. ஆனால் எனக்கு அது குழந்தையைத் தொட்டிலோடு தூக்கிப் போடுகிற வேலையாகத் தெரிகிறது. சபைகளுக்கு இடையில் பணம் போவதில் தப்பு ஒன்றும் இல்லை. பவுலே எருசலேம் சபைக்காகக் கிரேக்க ஊர்களில் காணிக்கை வசூலித்தவர்தான். கொரிந்தியர்கள் எருசலேமுக்குப் பட்டியல் அனுப்பியதாக மட்டும் எங்கும் காணோம்.

குதினா தும்சாவின் முடிவு கொடூரமானது. ராணுவ ஆட்சி வந்தது. தப்பித்துப் போக வாய்ப்பிருந்தும் அவர் போகவில்லை. 1979 ஜூலை 28 அன்று அடிஸ் அபாபாவில் கடத்திக் கொன்றார்கள். அந்த ஆட்சி விழுந்த பிறகு, 1992ல்தான் உடல் கிடைத்தது. உலக லுத்தரன் கூட்டமைப்பு அதே நகரத்தில் 1963ல் தொடங்கி நடத்திய பிரம்மாண்டமான வானொலி நிலையம் ஒன்று இருந்தது. 1977 மார்ச்சில் ராணுவ அரசு அதை ஒரே நாளில் எடுத்துக்கொண்டது. கோபுரம், கருவி, கட்டிடம் எல்லாம் போச்சு. 1981ல் சபையின் தலைமையகத்தையும் பிடுங்கினார்கள், ஏராளமான ஆலயங்கள் பூட்டப்பட்டன. ஆனால் வீடுகளில் கூடி ஜெபித்த ஜனங்களை எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவர்களை நடத்தியது யார்? பணம் தர மாட்டோம் என்று சொன்னார்களே, அந்தப் போதகர்களும் உபதேசியார்களும்தான். இன்று அந்தச் சபையில் ஒரு கோடிக்கும் மேல் உறுப்பினர்கள். உலகக் கூட்டமைப்பில் உள்ள லுத்தரன் சபைகளில் அதுதான் பெரியது, சுவீடன் சபையைவிடவும்.

இப்போது கொஞ்சம் நம் பாடத்துக்கு வருகிறேன். (பி.காம். படிப்பவன் கணக்கு பேசாமல் விட்டால் சாமி குத்தம் ஆகிவிடும்.)

பன்னிரண்டாம் வகுப்பில் இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்குகள் என்று ஒரு பாடம் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பொது நன்கொடை வந்தால் வருவாய் செலவினக் கணக்கில் வருமானம். குறிப்பிட்ட நோக்கத்துக்கான நன்கொடை வந்தால் நேராக இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம். தேர்வில் மாற்றிப் போட்டால் மார்க் போச்சு. பொறுப்பு என்றால் என்ன? கடன் மாதிரி. நீ அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும். இன்ன கட்டிடத்துக்கு என்று வந்த பணம், கணக்குப்படி உன் வருமானமே கிடையாது. பெட்டியில் பணம் இருக்கும், வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு விடுதி. ஊர் பேர் வேண்டாம். வாசலில் வழவழவென்று கிரானைட் கல்வெட்டு, அதில் எனக்கு வாசிக்க வராத ஒரு ஐரோப்பிய ஊரின் பெயர், திறப்பு விழா தேதி. உள்ளே போனால் மழைக்கு ஒழுகுகிற மாடி, நான்கில் ஒரு குழாயில் தண்ணீர், மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி உள்ள சமையல்காரம்மா. கட்டுவது முதலினச் செலவு. அதற்குக் கொடையாளர் கிடைப்பார், கல்வெட்டு கிடைக்கும், ரிப்பன் வெட்டலாம். கட்டியதைப் பராமரிப்பதும் அதற்குள் இருக்கிற மனுஷருக்குச் சோறும் சம்பளமும் போடுவதும் வருவாயினச் செலவு. அதற்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. தேய்மானத்துக்கு நன்கொடை கொடுத்த புண்ணியவானை நான் இதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

இதன் லேட்டஸ்ட் வடிவம் இரண்டு. ஒன்று பரிசுப் புத்தகம். ஆடு ஒன்று இவ்வளவு டாலர், கோழிக்குஞ்சு பத்து இவ்வளவு என்று படம் போட்டு விலை போட்டு வரும். ஆடு வேண்டாம், ஆட்டு டாக்டருக்குப் பஸ் செலவு வேண்டும் என்று அந்த ஊர்க்காரர் நினைத்தால் அதற்குப் பக்கம் கிடையாது. இன்னொன்று பத்து நாள் மிஷன் பயணம். பதினைந்து இளைஞர்கள் விமானம் ஏறி வந்து பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போவார்கள். நல்ல பிள்ளைகள்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பதினைந்து டிக்கெட் காசில் உள்ளூர் பெயிண்டர் எத்தனை பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்திருப்பார் என்று கணக்குப் போட என் அளவு காமர்ஸ்கூடத் தேவையில்லை.

சரி, பட்டியலே இல்லாமல் பணத்தைக் கொடுத்தால் நம் ஆட்கள் சாப்பிட்டுவிட மாட்டார்களா?

இந்தக் கேள்விக்குப் பூசி மெழுக மாட்டேன். சாப்பிடுவார்கள். எல்லாரும் அல்ல, ஆனால் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் சொத்துத் தகராறு, தேர்தல் தகராறு, கோர்ட்டு கேஸ் என்று எத்தனை நடந்தன, நடக்கின்றன என்பது ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். ஆனால் நல்லாப் பாருங்கள். பட்டியல் இவ்வளவு காலமாக இருக்கிறது, திருட்டைத் தடுத்ததா? பில் வாங்கத் தெரிந்தவனுக்குப் பட்டியல் ஒரு தடையே இல்லை. தணிக்கை என்பது வேறு, பட்டியல் என்பது வேறு. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, யாரிடம் போனது என்று கேட்பது தணிக்கை. கேளுங்கள், கறாராகக் கேளுங்கள், பதில் வராவிட்டால் அடுத்த வருடம் நிறுத்துங்கள். எதற்குப் போக வேண்டும் என்று நீங்களே உட்கார்ந்து எழுதுவதுதான் பட்டியல்.

இன்னொரு சங்கதி. கணக்கு யாருக்குப் போகிறது? ஆங்கிலத்தில் அச்சடித்து, பை சார்ட் போட்டு, ஜெர்மனிக்கும் சுவீடனுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. அந்தப் பணம் யார் பேரைச் சொல்லி வந்ததோ அந்தச் சபையார் கண்ணில் எப்போதாவது படுகிறதா? வெளிநாட்டிலிருந்து இந்த வருடம் எவ்வளவு வந்தது என்று நீங்கள் உங்கள் சபையில் கேட்டுப் பாருங்கள். உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். கயிறு கடல் தாண்டிப் போகிறவரை, பொறுப்பும் கடல் தாண்டித்தான் போகும். ஆலய வாசலில் வரவு செலவை ஒட்டி வைத்தால் திருடுகிறவனுக்கு அது ஐரோப்பிய ஆடிட்டரைவிடப் பெரிய தலைவலி. அந்தப் பெயிண்டருக்கு உண்மையில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பெயிண்டரின் மனைவிக்கே தெரியுமே!

"உள்ளூர் முடிவு" என்று நான் சொல்லும்போது உள்ளூர் என்பது யார் என்ற கேள்வியும் உண்டு. இதைச் சொல்லாமல் தாண்டினால் அயோக்கியத்தனம். 1733ல், மிஷன் வந்து 27 வருடம் கழித்து, ஆரோன் என்ற கடலூர்க்காரரைக் குருவாக அபிஷேகம் செய்தார்கள். முதல் தமிழ் லுத்தரன் குரு. அதே காலத்தில் ராஜநாயக்கன் என்று ஓர் உபதேசியார். தஞ்சாவூர்ப் படையில் இருந்தவர், தஞ்சைப் பகுதியில் சபையைக் கட்டி எழுப்பியவர். 1741ல் இரண்டாவது குருவைத் தேர்ந்தெடுக்கும்போது அவரும் பேச்சில் இருந்தார். கிடைக்கவில்லை. காரணம், அவர் பறையர். அவர் கையால் மேல்சாதி சபையார் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் பின்வாங்கினார்கள். டியோகோ என்ற வேறொருவர் குருவானார். இங்கே வெளிநாட்டுக்காரரும் உள்ளூர்ப் பெரிய மனிதரும் கைகோத்துக்கொண்டார்கள். ஆகவே பணத்தை நாலு உள்ளூர்ப் பெரியவர்கள் கையில் கொடுத்துவிட்டு "சுயாதீனம்" என்று கைதட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. கணக்கைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற சேரிப் பெண்ணும் படித்துக் கேள்வி கேட்கிற மாதிரி ஒட்டு என்கிறேன். தமிழில் ஒட்டு.

பட்டியல் அனுப்புவதில் நம் அரசாங்கமும் குறைந்ததில்லை. 2020ல் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை போகலாம் என்று இருந்தது 20 ஆனது. ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. எல்லாப் பணமும் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரே கிளை வழியாகத்தான் வர வேண்டும், ஆம்பூரில் இருந்தாலும் அருணாச்சலில் இருந்தாலும். பள்ளிக்கூட ஆசிரியர் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது என்பது ஒரு ஆறுதல். ஆனால் கணக்கு எழுதுகிறவர் சம்பளம் சேரும். திருட்டைப் பிடிக்கத் தேவையான ஆள்தான் முதலில் வெட்டுப்படுகிறார்! எந்த மேதாவி யோசித்தாரோ.

பட்டியல் இல்லாமல் சபைகள் நிற்குமா? நின்ற கதைகள் இருக்கின்றன. முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனரிகளைப் பிரிட்டிஷ் அரசு பிடித்து அடைத்து, நாட்டைவிட்டு அனுப்பியது. ராஞ்சிப் பக்கத்துக் கோஸ்னர் சபையை யாராவது தத்தெடுக்க வேண்டும் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த ஆதிவாசிக் கிறிஸ்தவர்கள் 1919 ஜூலை 10ல் எங்கள் சபையை நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று அறிவித்தார்கள். இங்கே அதே வருடம் ஜனவரி 14ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. ஆனால் நம் கதை வேகமாக ஓடவில்லை. முதல் மூன்று பேராயர்களும் சுவீடன்காரர்கள். ராஜா பூஷணம் மாணிக்கம் முதல் தமிழ்ப் பேராயராகப் பொறுப்பேற்றது 1956ல். சீகன்பால்க் வந்து இறங்கி சரியாக 250 வருடம். நிதானத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

வங்கதேசத்தில் ரங்பூர், தினாஜ்பூர் பகுதியில் போர் முடிந்த 1972 வாக்கில் உலக லுத்தரன் கூட்டமைப்பு நிவாரண வேலை ஆரம்பித்தது. 25 வருடம் நடத்திவிட்டு 1997ல் அதை அப்படியே உள்ளூர் அமைப்பாக மாற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகும் வேலை தொடர்ந்து நடக்கிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையான ஊரில், லுத்தரன்காரர்கள் ஆரம்பித்த ஒன்று! கயிற்றை விட முடியும், விட்டால் மாடு ஓடிப்போகாது.

சில சமயம் மாடே கயிற்றை அறுத்துக்கொள்ளும். 2013ல் மெகானே யேசுஸ் சபை, ஒருபால் திருமண விஷயத்தில் கருத்து வேறுபட்டு, சுவீடன் சபையோடும் அமெரிக்காவின் பெரிய லுத்தரன் சபையோடும் உறவை முறித்துக்கொண்டது. அந்த விஷயத்தில் நான் எத்தியோப்பியர்கள் கட்சி இல்லை, சுவீடன்காரர்கள் சொன்னதுதான் எனக்குச் சரி. ஆனால் வருகிற பணத்தைப் பார்த்து நாக்கை மடக்கிக்கொள்ளாத ஒரு சபை அது. 1972லும் அப்படித்தான், 2013லும் அப்படித்தான். நாம் விரும்புகிறதைச் சொல்கிறவரை மட்டும்தான் அவர்களுக்குச் சுதந்திரம் என்றால் அதற்குப் பேரும் பட்டியல்தான்.

அவசரமும் இருக்கிறது. ஜெர்மனியில் சபை உறுப்பினர்கள் வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதம் அளவுக்குச் சபை வரி கட்டுகிறார்கள். இங்கே வருகிற உதவியில் ஒரு பகுதிக்கு அதுதான் ஊற்று. அங்கே உறுப்பினர் எண்ணிக்கை வருடா வருடம் சரிந்துகொண்டே போகிறது. ஊற்று வற்றப்போகிறது என்று தெரிந்துகொண்டு, மிச்சம் இருக்கிற வருடங்களில் இன்னும் பத்துக் கல்வெட்டு வைக்கலாமா, பத்துப் போதகருக்கும் இருபது வாத்தியாருக்கும் பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் ஒரு நிதியை இங்கேயே வைப்பாகப் போட்டுவிட்டுப் போகலாமா?

அதனால் இந்த வருடம் கடல் தாண்டிய ஏதாவது ஒரு மிஷனுக்கு, எத்தியோப்பியாவோ தான்சானியாவோ நம் ஆம்பூரோ, உதவி செய்ய நினைக்கிற யாராவது இதைப் படித்தால், அல்லது ஜெர்மனியில் வேலை பார்க்கும் உங்கள் சித்தப்பா அப்படி நினைத்தால், ஒரே ஒரு வரி எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்: போன வருடத்துக் கணக்கை உங்கள் சபையார், உங்கள் மொழியில், ஆலய வாசலில் படித்தார்களா? ஆமாம் என்று பதிலும் அந்த நோட்டீஸின் போட்டோவும் வந்தால், செக்கில் தொகையை எழுதச் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்கிற கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம்.